மக்கள் வானொலி (நாஜி ஜெர்மனி)

மக்கள் வானொலி என்பது நாஜி அரசு தன் பரப்புரை வீடுதோறும் ஒலிக்க வேண்டும் என்பதற்காகத் தயாரிக்கச் செய்த மலிவு விலை வானொலிப் பெட்டி. ஜெர்மன் மொழியில் ‘ஃபோல்க்ஸ்எம்ப்ஃபெங்கர்’ எனப்பட்டது. 1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஜனவரி 30-ஆம் நாளின் நினைவாக முதல் மாதிரிக்கு 301 என்று எண்ணிட்டார்கள்.

அதே ஆண்டு மார்ச்சில் யோசப் கோயபல்ஸ் தலைமையில் பரப்புரை அமைச்சகம் அமைந்தது. பத்திரிகைகளை மிரட்டிப் பணியவைக்க வேண்டியிருந்தது. வானொலி அதற்கு முன்பே அரசின் பிடியில்தான் இருந்தது. குறை ஒன்றே: எல்லார் வீட்டிலும் பெட்டி இல்லை. ஆகவே பல நிறுவனங்கள் ஒரே வடிவத்தில், 76 ரைஷ்மார்க் என்ற ஒரே விலையில் பெட்டியைத் தயாரித்தன. தவணையிலும் வாங்கலாம். 1938-இல் வந்த சிறிய பெட்டியின் விலை 35 ரைஷ்மார்க். அதற்கு மக்கள் வைத்த கேலிப்பெயர் ‘கோயபல்ஸ் வாய்’. மாதம் 2 மார்க் உரிமக் கட்டணத்தையும் கேட்பவரே கட்டினார். பரப்புரைக்கு ஆன செலவில் ஒரு பங்கை அதற்கு ஆளானவர்களே சுமந்தார்கள் என்று சொல்வது மிகையல்ல. 1939-க்குள் உரிமம் பெற்றவர்கள் 1 கோடியைத் தாண்டினர்.

பதவியேற்ற ஓரிரு நாள்களில் ஒலிப்பதிவு அறையிலிருந்து ஹிட்லர் ஆற்றிய உரை எடுபடவில்லை. எதிரே கூட்டம் இல்லாவிட்டால் அவர் பேச்சில் சூடு ஏறாது. அதன்பின் பெரும்பாலும் பொதுக்கூட்ட உரைகளே கைதட்டலும் ஆரவாரமுமாக ஒலிபரப்பாயின. 1933 நவம்பர் 10 அன்று பெர்லினின் சீமென்ஸ் ஆலையில் அவர் பேசியபோது, நாடெங்கும் சங்கு ஊதி வேலையை நிறுத்தி, தொழிலாளர்களைக் கேட்க வைத்தார்கள்.

ஆனால் நாள் முழுவதும் உரைகளே ஒலித்தன என்று எண்ணுவது தவறு. அரசியலை அளவுக்கு மீறித் திணித்தால் கேட்பவர் பெட்டியை அணைத்துவிடுவார் என்பது கோயபல்ஸுக்குத் தெரியும். சலிப்பூட்டாதீர்கள் என்று வானொலி இயக்குநர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தார். நிகழ்ச்சிகளில் பெரும்பங்கு இசைக்கே போயிற்று. போர்க்காலத்தில் வீரர்கள் கேட்ட பாடல்களை ஒலிபரப்பிய ‘விருப்ப இசை நிகழ்ச்சி’, போர்முனையையும் வீட்டையும் இணைத்துப் பெரும் செல்வாக்குப் பெற்றது. மேடைப் பேச்சைவிட இதுவே ஆட்சிக்கு அதிகம் உதவியிருக்கக்கூடும்.

மக்கள் வானொலியில் அயல்நாட்டு நிலையங்கள் கேட்காது என்பது இன்றும் உலவும் தவறான செய்தி. திறன் குறைந்த பெட்டிதான். எனினும் இரவில், நல்ல ஏரியல் இருந்தால், லண்டன் ஒலிபரப்பும் எட்டும். கருவியால் தடுக்க முடியாததை அரசு சட்டத்தால் தடுத்தது. 1939 செப்டம்பர் 1 முதல் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றம். கேட்டதைப் பரப்பியவருக்கு மரண தண்டனையும் விதிக்கலாம். எச்சரிக்கை அட்டைகள் பெட்டிகளிலேயே தொங்கவிடப்பட்டன. அப்படியும் பலர் ஒலியைக் குறைத்துவைத்து பிபிசியின் ஜெர்மன் சேவையைக் கேட்டனர். நாடு கடந்து வாழ்ந்த எழுத்தாளர் தாமஸ் மன் 1940 முதல் அதில் பேசினார்.

போருக்குப்பின் நியூரம்பர்க் விசாரணையில் ஆயுதத்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர், வானொலியும் ஒலிபெருக்கியும் 8 கோடி மக்களின் சுயசிந்தனையைப் பறித்தன என்றார். கருவியின் மேல் பழியைப் போட்டால் பேசுகிறவரின் பொறுப்பும் குறைகிறது என்பதை மறக்காமல் அவர் கூற்றைப் படிக்க வேண்டும். நாஜி வானொலியின் புகழ்பெற்ற அரசியல் விமர்சகர் ஹான்ஸ் ஃபிரிட்சே அதே விசாரணையில் 1946-இல் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே ஜெர்மன் நாஜி நீக்க நீதிமன்றம் அவருக்கு 9 ஆண்டுத் தண்டனை விதித்தது. 1950-இல் வெளியே வந்தார்.