கானகமும் தூரிகையும்: சாமுவேல் டேனியலின் இலங்கை ஆண்டுகள்

தம்பலகாமத்து வயல்வெளிக்கு அப்பால் தம்பலகாமக் குடாவும் அதனோடிணைந்த திருகோணமலைத் துறைமுகமும் விரிகின்றன. ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் 1795இல் கைப்பற்றிய இத்துறைமுகத்தைச் சில ஆண்டுகளின் பின் ஓவியமாக்கியவர் சாமுவேல் டேனியல் (1775–1811).

இந்தியக் காட்சிகளை வரைந்து புகழெய்திய வில்லியம் டேனியலின் தம்பியான இவர், 1801–1802இல் தென்னாபிரிக்காவின் உட்பகுதிக்குச் சென்ற பயணக் குழுவில் ஓவியராக இடம்பெற்றார். பின்னர் இலங்கைக்கு வந்து, காடுகளைக் கண்காணிக்கும் அரச பதவியை ஏற்றார். மரத்தையும் விலங்கையும் அவை வாழும் சூழலிலேயே கண்டு வரைவது இவரது இயல்பு. 1808இல் வெளிவந்த இவரது 12 அச்சோவியங்களின் தொகுதியில், ஒஸ்ரன்பேர்க் கோட்டையிலிருந்து கண்ட திருகோணமலைத் துறைமுகமும் ஒன்று.

இங்கு ஒன்று மனங்கொளத்தக்கது. அது கோட்டை உயரத்திலிருந்து நோக்கிய காட்சி. ஆட்சியாளர் காவல் நின்ற இடமே ஓவியர் நின்ற இடமுமாயிற்று. ஆயின், காட்டினுள் அவருக்கு எக்காவலும் இருக்கவில்லை. ஈரம் மிகுந்த காடுகளில் தங்கி வரைந்தமையால் நோயுற்று, 1811 டிசம்பரில், 36 வயதளவில் இலங்கையிலேயே மறைந்தார்.

எனவே, இவ்வோவியங்களைக் குடியேற்ற ஆட்சியின் ஆவணங்களென ஒதுக்குதலும் தூய கலையென வியத்தலும் குறைநோக்கேயாம். ஆட்சி அமைத்துக் கொடுத்த வழியையும், உயிரையும் பொருட்படுத்தாத ஈடுபாட்டையும் ஒருங்கே கருதும்போதுதான் அவை நம் நிலத்தின் வரலாற்றுச் சான்றுகளாகின்றன.