சிலம்பில் நாளும் நாழிகையும்

மதுரை எரியுண்ட நாள் எது என்னும் வினா சிலப்பதிகார ஆராய்ச்சியில் நெடுங்காலமாக நிலவி வருவது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம், ஆடித் திங்களின் தேய்பிறை எட்டாம் நாளில், கார்த்திகை விண்மீன் பொருந்திய வெள்ளிக்கிழமையன்று, மதுரையும் அதன் அரசும் கேடுறும் என்றொரு பழைய உரை உண்டு எனக் கண்ணகிக்குக் கூறுகிறது. வானியற் கணிதத்தில் பேரறிஞராகிய எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இக்குறிப்பைக் கொண்டு கணித்து, கி.பி. 756ஆம் ஆண்டே இதற்குப் பொருந்தும் என்றார். கயவாகு மன்னனைப் பற்றிய வரந்தரு காதைக் குறிப்பைச் சான்றாகக் கொண்டு நூலின் காலம் 2ஆம் நூற்றாண்டே என நாட்டிய வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் முதலியோர் அதனை மறுத்தனர். இருதிறத்தாரும் ஆடித் திங்கள் எட்டாம் நாளை ஒரு வரலாற்று ஆவணத்தின் நாட்குறிப்பாகவே கருதி வாதிட்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அக்குறிப்பு நூலுள் என்ன பணி செய்கின்றது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். அதற்கு, அடிகள் தம் கதையில் காலத்தை எவ்வாறு நடத்துகிறார் என்பதை அறிதல் இன்றியமையாதது.

நூலின் காதைகள் முப்பது. புகார்க் காண்டத்திற்குப் பத்து, மதுரைக் காண்டத்திற்குப் பதின்மூன்று, வஞ்சிக் காண்டத்திற்கு ஏழு. காதைகளின் தொகைக்கும் அவற்றுள் கழியும் காலத்திற்கும் யாதொரு நேர்விகிதமும் இல்லை. புகாரில் ஆண்டுகள் பறக்கின்றன. கண்ணகிக்குப் பன்னிரண்டும் கோவலனுக்குப் பதினாறும் அகவையாகும்போது மணம் நிகழ்கிறது. அவர்தம் இல்வாழ்க்கை முழுவதையும், சில ஆண்டுகள் கழிந்தன என்னும் அளவில் அடிகள் ஒரு காதையின் இறுதியில் முடித்துவிடுகிறார். மாதவி ஏழாண்டு பயின்ற கூத்தும் அவ்வாறே சுருங்குகிறது. ஆயின் அவள் அரங்கேறிய ஒருநாள் மட்டும் அரங்கின் அளவு முதல் யாழின் நரம்பு வரை விரிகிறது. எந்த நாள் கதையைத் திருப்புகின்றதோ அந்த நாளுக்கே இடம் அளிக்கப்படுகிறது.

கோவலனும் கண்ணகியும் வைகறைக்கு முன் புகாரை நீங்கியதும் காலத்தின் நடை மாறுகிறது. ஆண்டுகளால் எண்ணிய புலவர் இப்பொழுது காவதங்களால் எண்ணத் தொடங்குகிறார். கவுந்தியடிகளோடு செல்லும் அவர்கள் ஒரு நாளைக்கு ஒரு காவதத்திற்கு மேல் நடவாமல், பல நாள் தங்கித் தங்கி அரங்கம் சேர்ந்தனர் என்கிறார். காவதத்தின் அளவு எதுவாயினும், வீட்டு முற்றத்தைக் கடந்து பழகாத ஒரு பெண்ணின் அடிகளே இங்கு அளவுகோல் என்பது தெளிவு. காவிரியைக் கடந்து உறந்தை. அதன்பின் மாங்காட்டு மறையோன் கூறும் கொடும்பாளூர்க் கவர்வழி. வலப்புறம் சென்றால் சிறுமலை, இடப்புறம் சென்றால் திருமால்குன்றமாகிய அழகர்மலை, இரண்டிற்கும் நடுவே ஒரு வழி. இன்றும் மதுரைச் சமவெளியில் நின்று வடக்கே நோக்குவார்க்கு இவ்விரு மலைகளும் அவ்வழிகளின் காவல்போலத் தோன்றும். நடுவழியில் கானுறை தெய்வம் வயந்தமாலை வடிவில் வந்து மயக்குகிறது. வேனிலின் கொடுமையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன. வெயில் பொறாமையால் ஐயை கோட்டத்தில் தங்கியோர், பகலை விடுத்து நிலவொளியில் நடப்பதென முடிவு செய்கின்றனர். பருவமே இங்குப் பயணத்தின் வேகத்தை ஆள்கிறது.

இங்ஙனம் வழிநடையை நாளாலும் போரை நாழிகையாலும் எண்ணும் முறை இக்காலத்து மேனாட்டு விளையாட்டொன்றிலும் காணப்படுகிறது என்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, ஒருவர் கதையை நடத்தும் கற்பனை ஆட்டம். கதை நடத்துவோர்க்கென 1979இல் கைகாக்ஸ் எழுதிய கையேடு, கழிந்த காலத்திற்குக் கண்டிப்பான கணக்கு வைக்காவிடில் நெடுங்கதை பொருளற்றதாகும் என வற்புறுத்துகிறது. நிலவறையைத் துழாவுவதற்குப் பத்து நிமிடம் ஓர் அலகு. சண்டைக்கு ஒரு நிமிடம் ஓர் அலகு. இரு மரபுகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் கேட்போரை நெடிது உடன் அழைத்துச் செல்லும் கதை எதற்கும் இத்தேவை எழும் போலும். தாவிச் செல்லும் உரிமை கதைசொல்லிக்கு உண்டு; ஆனால் எண்ண வேண்டிய இடத்தில் எண்ணியவர்க்கே தாவுமிடத்தில் நம்பிக்கை கிட்டும்.

மதுரையை அடைந்தபின் அலகு மேலும் குறுகுகிறது. கொலைக்களக் காதை முதல் அழற்படு காதை வரையுள்ள ஏழு காதைகளின் பெரும்பகுதி ஒரு பகலிலும் அதனைத் தொடர்ந்த இரவிலும் அடங்கும். நூலின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இது. இவ்வொரு நாளுள்ளும் இரு களங்கள் ஒருங்கே நடக்கின்றன. கோவலன் சிலம்புடன் கடைவீதி நோக்கிச் செல்கிறான். எதிர்ப்பட்ட ஏற்றின் தீக்குறியை அவன் குலம் அறியாது. ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மணிகள் அற்று விழுகின்றன. அக்குறிகளை அறிந்த ஆய்ச்சியர் தீங்கு தணியக் குரவையாடுகின்றனர். அவர்கள் ஆடி முடிப்பதற்குள் கோவலன் இறந்துவிட்டான் என்பது கேட்போர்க்குத் தெரியும், ஆடுவோர்க்குத் தெரியாது. குரவைப் பாடல்களைக் கதைக்குப் புறம்பான இசைப்பகுதி என்று கருதுவோர் உளர். யான் அதற்கு உடன்படேன். செய்தி வந்து சேரும் வரை காலத்தை நிறுத்திப் பிடிக்கும் பணி அக்குரவையினுடையது.

இதன் பின்னரே, அஃதாவது தீ மூண்ட பின்னரே, ஆடித் திங்கள் எட்டாம் நாளைப் பற்றிய உரை வருகிறது. நாள் முன்னரே சொல்லப்பட்டிருப்பின் அது அச்சுறுத்தலாக அமைந்திருக்கும். பின்னர்ச் சொல்லப்படுவதால் கேட்போர் உள்ளம் வந்த வழியே திரும்புகிறது. ஒரு காவதத்திற்கு மேல் நடவாத அடிகள், அரங்கத்தை அடையுமுன் தங்கிய நாள்கள், கோட்டத்தில் வெயில் தாழக் காத்திருந்த பொழுது ஆகிய யாவும் குறித்த ஒரு நாளை நோக்கியே சென்றன என்பது அப்போதுதான் விளங்குகிறது. தெய்வம் அடுத்து உரைப்பதும் ஒரு நாட்கணக்கே: பதினான்கு நாள் கழித்துக் கணவனைக் காண்பாய் என்பது. வையைக் கரைவழியே மேற்றிசை சென்ற அந்தப் பதினான்கு நாள்களும் சில அடிகளில் கடந்துவிடுகின்றன. கணக்குக் கூறப்பட்டுவிட்டமையால் விரிவு வேண்டாதாயிற்று.

ஆண்டினைச் சுட்டாத நாட்குறிப்பு இது என்பதையும் மறத்தலாகாது. பாண்டியனின் ஆட்சியாண்டு கூட இதில் இல்லை. ஆடித் தேய்பிறை எட்டாம் நாளில் திங்கள் கார்த்திகையிலோ அதனை அடுத்த மீன்களிலோ நிற்பது இயல்பு. வெள்ளிக்கிழமையும் உடன் அமைதல் ஒரு நூற்றாண்டில் ஒருமுறையன்றிப் பலமுறை நிகழ்வதே. ஆகவே 756ஐத் தனித்து எடுத்துக் காட்டப் பிற சான்றுகள் வேண்டும். அவற்றிற்குத் துணையான கோள்நிலைகள் அடியார்க்குநல்லார் உரையிலிருந்து பெறப்பட்டவை. மூலத்தில் இல்லாத திதி வாரங்களைப் புகார் நிகழ்ச்சிகளுக்குக் கணித்து அமைத்தவர் அவ்வுரையாசிரியர். கதைக்குக் கணக்கு வேண்டும் என்ற உணர்வு அவருக்கும் இருந்தது. ஆயின் அக்கணக்கு அவருடையதே, இளங்கோவடிகளுடையது அன்று. வாரப் பெயர் ஆளப்பட்டதைக் கொண்டு எழுப்பப்படும் தடை இதனின் வேறு. வடநாட்டுக் கல்வெட்டுகளில் கிழமை முதன்முதல் காணப்படுவது 484ஆம் ஆண்டைச் சார்ந்த ஏரண் கல்வெட்டில் ஆதலின், 2ஆம் நூற்றாண்டினர் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். அது சொல்லாட்சி பற்றிய வாதம். கணித வாதத்தோடு அதனைக் கலத்தல் பொருந்தாது.

வஞ்சிக் காண்டத்தில் அலகு மீண்டும் விரிகிறது. செங்குட்டுவன் வடதிசைப் படையெடுப்பில் வஞ்சியை நீங்கி முப்பத்திரண்டு திங்களாயின எனக் கணியன் நினைவூட்டுகிறான். ஆனால் கனகவிசயரொடு நிகழ்ந்த போரோ பதினெட்டு நாழிகை; நம் கணக்கில் ஏழு மணிக்குச் சற்று மிகை. நீர்ப்படைக் காதை இதனைத் தனித்துக் கூறாமல் ஆண்டு, திங்கள், நாள், நாழிகை என நான்கு அலகுகளையும் பதினெட்டு என்னும் ஒரே எண்ணில் அடுக்குகிறது. தேவாசுரப் போர் ஆண்டால், இராமன் போர் திங்களால், பாரதப் போர் நாளால், செங்குட்டுவன் போர் நாழிகையால் முடிந்தது என்பது கருத்து. எண் மாறவில்லை; அலகே மாறியது. காலத்தின் அலகை மாற்றிப் பெருமையை அளந்த புலவரின் கையில், ஆடித் திங்களின் நாளும் அத்தகையதோர் அலகே என்று கொள்வதில் இழுக்கில்லை.

ஒன்று மட்டும் கூறுதற்கு எஞ்சியுள்ளது. ஐயை கோட்டத்தில் அவர்கள் ஞாயிறு மறையக் காத்திருந்தபோது, விண்மீன் படையோடு நிலா எழுந்தது எனப் புறஞ்சேரி இறுத்த காதை கூறும். மாலையில் எழும் நிலா முழுநிலாவை அடுத்ததாதல் வேண்டும். தேய்பிறை எட்டாம் நாள் அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் பின். வழிநடை, வையையைக் கடத்தல், கோவலன் ஊர் கண்டு மீளல், மாதரியிடம் அடைக்கலம், கொலை ஆகியன அவ்விடைவெளியில் இடர்ப்பாடின்றி அடங்குகின்றன.