மஞ்சள் காமாலைதானே என்று இருந்துவிடாதீர்கள்



போன வாரம் எங்கள் அத்தானுக்கு ஆறு மாதக் கீமோ முடிந்தது. நலம் விசாரித்துப் பலர் போன் செய்தீர்கள். ஒவ்வொருவரிடமும் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். சரித்திர வாத்தியார் அல்லவா, கொஞ்சம் பின்னாலிருந்துதான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986-ல் எங்கள் பெரியண்ணனுக்குக் கண் மஞ்சளானது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப்போனது. நாங்குநேரியில் அன்று எல்லோரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம், பத்தியம் வைத்தோம், மந்திரித்தோம். இரண்டு மாதம் ஓடிவிட்டது. பிறகு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். கணையத்துக் கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டது, எடுக்க முடியாது என்று மூடிவிட்டார்கள். நாலு மாதத்தில் அண்ணன் போய்விட்டார். "கத்தி பட்டதால்தான் பரவிச்சு" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய் அதன் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. அங்கே கட்டி வந்தால் பித்தம் அடைபட்டு உடம்பு மஞ்சளாகும். வாலில் வந்தாலோ நெடுநாள் வெளியே தெரியாது.

இந்தத் தலைப்பகுதியை வெட்டி எடுக்கலாம் என்று 1909-ல் ஜெர்மானிய மருத்துவர் வால்தர் கௌஷ் செய்து காட்டினார். 1935-ல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் அதை ஒரு முறையாக்கினார். இன்றும் அவர் பெயரில்தான் விப்பிள் ஆபரேஷன் என்கிறோம். கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு பகுதி, பெரும்பாலும் இரைப்பையில் கொஞ்சம் ஆகியவற்றை எடுத்துவிட்டு, மிச்சக் கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு இணைக்க வேண்டும். முதலில் இதை இரண்டு தடவையாகச் செய்தார்கள். காரணம், காமாலைக்காரருக்கு ரத்தம் உறையாது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது. அந்த வைட்டமின் மருந்தாகக் கிடைத்த பிறகு, 1940-ல் விப்பிள் ஒரே தடவையில் முடித்தார்.

அதற்கப்புறமும் நிலைமை மோசம்தான். 1970 வாக்கில் பல இடங்களில் நாலில் ஒருவர் வரை ஆபரேஷனாலேயே இறந்தார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு. நிலைமையை மாற்றியது பழக்கம். இதையே திரும்பத் திரும்பச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் சாவு குறைந்தது. அமெரிக்காவில் ஜான் கேமரான் குழு தொடர்ந்து 145 பேருக்கு ஒரு சாவும் இல்லாமல் செய்ததாக 1993-ல் எழுதியது. நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் ரங்கபாஷ்யம் இரைப்பை குடல் அறுவைக்கென்று தனித்துறையை வளர்த்த முன்னோடி. இப்படிப்பட்ட ஆபரேஷனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது அதனால்தான் இங்கே நிலைத்தது.

ஆனால் கத்தி மட்டும் போதாது. வயலில் கோரையைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும். மேலே புல் போய்விடும், மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். அதுபோல் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் தங்கிவிடும். ஆகவே மருந்தும் கதிர்வீச்சும் சேர வேண்டும். சேர்த்துச் செய்யும் வைத்தியம் நமக்குப் புதிதல்ல. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கணையத்துக்கு 1985-ல் அமெரிக்காவில் 43 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் பாதிப் பேர் 11 மாதம் தாண்டினார்கள். மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்தபோது அது 20 மாதமானது. 2018-ல் பிரான்சும் கனடாவும் சேர்ந்து செய்த ஆய்வில், உடம்பு தாங்கக்கூடியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் ஆறு மாதம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது பாதிப் பேர் 54 மாதம் தாண்டினார்கள். இப்போது கட்டி ரத்தக்குழாயை ஒட்டியிருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகு ஆபரேஷன் செய்வதும் உண்டு.

அத்தானுக்கு 63 வயது. அவருக்கும் அதே மஞ்சள், அதே அரிப்பு. தங்கச்சி கீழாநெல்லி பறிக்கக் கிளம்பினாள். நான் மறித்து அன்றைக்கே ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். வீட்டில் பெரிய சண்டை. "எங்க அண்ணனைக் கத்தி வச்சுத்தானே கொன்னீங்க" என்று தங்கச்சியே கேட்டாள். கத்தியால் அண்ணன் சாகவில்லை அம்மா, நாம் வைத்திருந்த அந்த இரண்டு மாதத்தையும்தான் நான் 1986-லிருந்து சுமக்கிறேன் என்றேன். அவள் அழுதாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் இருக்கிறது. நேற்று வானமாமலைப் பெருமாள் கோயிலுக்கு அத்தானே நடந்து வந்தார்.

கண்டுபிடிக்கும்போது ஐந்தில் ஒருவருக்குத்தான் ஆபரேஷன் செய்யும் நிலை இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் வலியில்லாமல் மஞ்சள் வந்தால், காரணமின்றி உடம்பு இளைத்தால், திடீரென்று சர்க்கரை வந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷன் என்றால், இதை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

வகுப்பில் தேதி மனப்பாடம் பண்ணச் சொல்லி உங்களை வதைத்தேன். இதில் ஒரு தேதியும் ஞாபகம் வேண்டாம். மஞ்சளை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்,
நாங்குநேரி