சுருட்டும் போயிலையும்: தமிழகத்தில் புகையிலைப் புழக்கத்தின் அகமும் புறமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் புகையிலை வரலாறு பெரும்பாலும் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆங்கிலேயர் கண்டதும் வாங்கியதும் சுருட்டே என்பது இதற்குக் காரணம். வீடுகளில் வாங்கிச் சேமித்து வெற்றிலையுடன் பயன்படுத்தப்பட்ட மெல்லும் புகையிலை இவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. இவ்விரு புழக்கங்களையும் ஒப்பிட்டு, வீட்டுப் புழக்கம் பெற்ற மதிப்பே அதன் தீங்கை நெடுங்காலம் மறைத்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புகையிலை, சுருட்டு, தாம்பூலம், தூது இலக்கியம், உறையூர், திண்டுக்கல், அடையாறு

முன்னுரை

போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைக்கு வந்த புகையிலை விரைவில் உள்நாட்டிலும் பரவியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அக்பரின் அவையை எட்டியது. 1617இல் ஜஹாங்கீர் அதற்குத் தடை விதித்தார். தமிழில் இதற்கு அமைந்த பெயர் புகையையும் இலையையும் இணைத்தது. அதற்குரிய வினையோ 'குடித்தல்' ஆயிற்று. புகை குடித்தல், சுருட்டுக் குடித்தல் என்பன இன்றும் வழக்கில் உள்ளன. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் புகையிலையைக் 'குடித்தல்' என்னும் வழக்கு இருந்தது. புகைப்பதால் பெயர் பெற்ற இவ்விலை, தமிழ் வீடுகளுக்குள் பெரிதும் மெல்லும் பொருளாகவே நுழைந்தது. பெயருக்கும் புழக்கத்திற்கும் உள்ள இவ்விடைவெளியே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

புறத்தே கண்ட சுருட்டு

1669 முதல் 1679 வரையிலான தம் அனுபவங்களைப் பதிவு செய்த ஆங்கில வணிகர் தாமஸ் பவுரி, சோழமண்டலக் கடற்கரையின் எளிய மக்கள் இலையையே சுருட்டி, ஒருமுனையில் நெருப்பிட்டு, மறுமுனையை உதட்டிற் பற்றிப் புகைத்ததை எழுதியுள்ளார். அவர் 'மலபார்கள்' எனக் குறிப்பிடுவோர் தமிழரே. அக்கால ஐரோப்பிய வழக்கு அது. சுருட்டு என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று என்பதை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவு செய்கிறது.

புகைக்குழாய்க்குத் தமிழில் 'சுங்கான்' என்னும் பெயர் உண்டு. எனினும் உழவரிடத்தும் கூலித் தொழிலாளரிடத்தும் சுருட்டே பெருவழக்காயிற்று. சுங்கானுக்குத் தனிக் கருவியும், நறுக்கிய தூளும், அதனைக் காக்கும் மூடிய கலமும் வேண்டும். சுருட்டிலோ இலையே கருவி, இலையே கலம். வயலிலும் வண்டியிலும் செல்வோர்க்கு இது ஏற்றதாயிற்று. ஊரெல்லையில் நிற்கும் சுடலைமாடன், முனியாண்டி, கருப்பசாமி முதலிய காவல் தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கமும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. மூத்தோர் முன்னிலையில் புகைத்தல் மரியாதைக் குறைவு எனக் கருதப்பட்டது. ஆகவே சுருட்டின் இடம் வீட்டிற்கு வெளியே அமைந்தது.

19ஆம் நூற்றாண்டில் இச்சுருட்டு ஏற்றுமதிப் பொருளாயிற்று. உறையூரில் சுருட்டுத் தொழில் செழித்தது. 1860களில் சென்னையில் தோன்றிய ஸ்பென்சர் நிறுவனம் பின்னர்த் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதை அதன் சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் கூறுகிறார். 1890இல் வந்த அடுத்த கதையில் அச்சுருட்டின் கருஞ்சாம்பல், குழாய்ப் புகையிலை ஒன்றன் வெண்சாம்பலோடு ஒப்பிடப்படுகிறது. இலண்டன் வாசகர்க்கும் அறிமுகமான இந்தப் புகழே பின்வந்த வரலாற்றெழுத்தின் பார்வையை வரையறுத்தது எனலாம்.

அகத்தே காத்த இலை

மெல்லும் புகையிலையின் பயணம் வேறு. திண்டுக்கல், கோயம்புத்தூர், வேதாரண்யம் வட்டாரங்களில் அது பணப்பயிராயிற்று. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்னும் வகைப்பெயர்கள் உழவர் வழக்கிலிருந்து ஆய்வு நிலையங்களின் பதிவுகளுக்கும் சென்றன. 1948இல் வேடசந்தூரில் அமைந்த மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் சுருட்டு வகைகளோடு மெல்லும் வகைகளையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.

இலையின் தரம் 'பதம்' என்னும் ஒரு சொல்லில் அடங்கியது. அறுத்த இலையை வெயிலில் உலர்த்தி, அடுக்கிப் போராக்கி, இடையிடையே பிரித்து மாற்றி அடுக்குவர். போரினுள் எழும் வெப்பத்தால் இலை புளித்து நிறமும் மணமும் பெறும். உப்புநீரோ கருப்பட்டிக் கரைசலோ தெளிப்பதும் உண்டு. மிகக் காய்ந்தால் இலை நொறுங்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் பனியால் இலை துவளும் விடியற்காலையிலேயே அதனைக் கையாளுவர். யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டையைப் புகையவிட்டுப் பதப்படுத்தினர். அவ்விலை சிப்பங்களாகக் கட்டப்பட்டுக் கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. அங்குப் புகையிலை வாணிகம் 1860கள் வரை அரசின் ஏகபோகமாக இருந்தது. புகையூட்டப்பட்ட அவ்விலையை வாங்கியோர் அதனைப் புகைக்கவில்லை, மென்றனர்.

வீட்டில் அதன் இடம் வெற்றிலைப்பெட்டி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு நான்காவதாகப் புகையிலை சேர்ந்தது. தாம்பூலம் விருந்தோம்பலின் அடையாளம், மங்கலப் பொருள். அதனோடு சேர்ந்ததால் புகையிலைக்கும் திண்ணையிலும் கூடத்திலும் இடம் கிடைத்தது. சுருட்டை மறைத்துப் புகைத்தவரும் புகையிலையைக் கேட்டு வாங்கி மெல்லலாம். பெண்களுக்கும் இதில் தடை இல்லை. திண்டுக்கல் அங்குவிலாஸ் போயிலை போன்ற வணிகப் பெயர்கள் இருபதாம் நூற்றாண்டில் வீட்டுச் சொற்களாகவே ஆயின.

இம்மதிப்பிற்கு இலக்கியச் சான்று சர்க்கரைப் புலவர் மரபினரான சீனிச்சர்க்கரைப் புலவரின் 'புகையிலை விடு தூது'. உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த இந்நூலில் பழநி முருகனிடம் தூது செல்வது புகையிலை. அதன் பிறப்பைக் கூறும் கதை குறிப்பிடத்தக்கது. மும்மூர்த்திகளிடமும் ஒவ்வோர் இலை கொடுத்துக் காத்துவரச் சொல்கின்றனர். சிவனிடமிருந்த வில்வத்தைக் கங்கை கொண்டு செல்கிறது. திருமாலிடமிருந்த துளசியைப் பாற்கடல் கொண்டு செல்கிறது. பிரமன் கலைமகளிடம் ஒப்படைத்த இலை மட்டும் போகவில்லை; அதனாலேயே அது 'போகையிலை' ஆயிற்று. சொல்லாராய்ச்சிக்கு இக்கதை உதவாது. எனினும் புழக்க வரலாற்றுக்கு உதவும். இலையைக் காத்தவள் நாவில் உறையும் நாமகள். இலையின் வெற்றி, அதனைப் பத்திரமாகச் சேமித்ததில் அமைகிறது. வில்வத்திற்கும் துளசிக்கும் நிகராகப் புகையிலையை நிறுத்தத் துணிந்த இந்நகைச்சுவை, அவ்விலை வீட்டில் எத்துணை உரிமை பெற்றிருந்தது என்பதைப் புலப்படுத்துகிறது.

மதிப்பும் மறைப்பும்

வீட்டில் பெற்ற உரிமைக்கு ஒரு விலையும் இருந்தது. புகை கண்ணுக்குத் தெரிவது. இருமல் காதுக்குக் கேட்பது. 1928இல் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவிய காலத்தில் நுரையீரல் நோய் பொதுமக்களின் அச்சத்திற்கும் அரசின் கவனத்திற்கும் உரியதாகிவிட்டது. ஆனால் வாய்ப்புண்ணை வெற்றிலைப்பெட்டியோடு இணைத்துக் காண்பது எளிதன்று. 1933இல் திருவிதாங்கூரில் பணியாற்றிய மருத்துவர் ஓர், வெற்றிலை மெல்லுவோரிடம் காணப்படும் வாய்ப்புற்றுநோய் குறித்து லான்செட் இதழில் எழுதினார். 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் வெளியிட்ட ஆய்வு, வாய்ப்புற்றுநோய்க்கும் புகையிலை மெல்லும் பழக்கத்திற்கும் உள்ள தொடர்பைச் சென்னை நோயாளிகளைக் கொண்டு காட்டியது.

இவ்விரு ஆய்வுகளையும் புகையிலை வரலாற்றின் மூலச்சான்றுகளாகவும் கொள்ள வேண்டும். ஏற்றுமதிக் கணக்குகளிலும் துப்பறியும் கதைகளிலும் இடம்பெறாத வீட்டு நுகர்வாளர்கள் இங்குத்தான் ஆவணப்படுகின்றனர், அதுவும் நோயாளிகளாக.

முடிவுரை

சுருட்டு புறத்தே நின்றது. ஆகவே அது காணப்பட்டது, விற்கப்பட்டது, எழுதப்பட்டது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தபோதும் சட்டத்தின் கண் முதலில் புகையின் மீதே பதிந்தது. மெல்லும் புகையிலை தாம்பூலத்தின் மங்கலத்தைப் பகிர்ந்துகொண்டு அகத்தே இருந்தது. அதன் சுவையும் சேமிப்பு நுட்பமும் போற்றப்பட்ட அளவிற்கு அதன் தீங்கு எண்ணப்படவில்லை. தமிழகப் புகையிலையின் முழுமையான வரலாறு உறையூர்ச் சுருட்டுக் கூடங்களோடு வெற்றிலைப்பெட்டியையும் அடையாற்று மருத்துவப் பதிவுகளையும் ஒருசேர வாசிப்பதன் வழியே அமையும்.