குய்யு: மின்னணுக் கழிவில் பொன் பிரித்த ஊர்

குய்யு என்பது சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில், சாந்தோ மாநகருக்கு உட்பட்ட ஓர் ஊராகும். தாழ்நிலமாதலால் இங்கு வெள்ளம் புகுந்து நெல் அடிக்கடி அழிந்தது. எனவே மக்கள் பழைய பொருள் வாங்கி விற்பதையும் தொழிலாகக் கொண்டிருந்தனர். 1990களில் அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் பழைய கணினிகள் இங்கு வந்து குவிந்தன.

பிரித்தெடுத்த முறை

வேலை வீட்டு முற்றங்களிலேயே நடந்தது. மின்சுற்றுப் பலகையை நிலக்கரி அடுப்பில் சூடாக்கினால் ஈயப்பற்று உருகிச் சில்லுகள் கழன்று வரும். நல்ல சில்லுகள் மறுவிற்பனைக்குச் சென்றன. தங்க முலாம் பூசிய பகுதிகள் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகத்தில் கரைக்கப்பட்டன. அக்கரைசலிலிருந்து தங்கம் வீழ்படிவாக எடுக்கப்பட்டது. செம்புக்காக மின்கம்பிகள் எரிக்கப்பட்டன. முறையான ஆலைகளில் புகை வடிகட்டலுக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் ஆகும் செலவு இங்கு இல்லை. மலிவுக்கு அதுவே காரணம்.

பாதிப்பு

2000இல் சீனா இவ்விறக்குமதியைத் தடை செய்தும் வரத்து நிற்கவில்லை. 2002இல் பேசல் ஆக்சன் நெட்வொர்க் அமைப்பின் அறிக்கை இவ்வூரின் நிலையை உலகறியச் செய்தது. நிலத்தடி நீர் கெட்டதால் குடிநீர் வெளியூரிலிருந்து வண்டிகளில் வந்தது. 2007இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட 165 குழந்தைகளுள் ஏறத்தாழ 82 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு, டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அக்கால வரம்பைத் தாண்டியிருந்தது.

மாற்றம்

2015 இறுதியில் வீட்டுப் பட்டறைகள் தொழிற்பூங்காவுக்கு மாற்றப்பட்டன. புகை குறைந்தது. ஆயினும் மண்ணிலும் ஆற்றுப் படிவிலும் சேர்ந்த கன உலோகங்கள் தாமாக அழிவதில்லை.