மதுரையை முதுகில் சுமந்தவர்கள்

போடியைப் பத்தி எழுத உட்கார்ந்தா பாதிப் பதிவு ஏலக்காயிலேயே முடிஞ்சிடும். அதனால இந்தத் தடவை ஏலக்காயைக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு, தோட்டங்கள் வர்றதுக்கு முன்னாடியே அந்த மலையில இருந்த மனுஷங்களைப் பத்திப் பேசலாம்.

சின்ன வயசுல தாத்தாவோட குரங்கணி போயிருந்தேன். டாப் ஸ்டேஷன் பாதையில ஒரு அம்மா இறங்கி வந்தாங்க. சேலையை முதுகுப் பக்கம் தொட்டில் மாதிரி முடிஞ்சு, அதுக்குள்ள குழந்தை. பின்கொண்டையில மூங்கில் சீப்பு. நான் வாயைப் பிளந்து பார்த்ததும் தாத்தா சொன்னார்: "அவங்க முதுவாக்குடி ஆளுகடா. முதுகுல சுமக்குறதால முதுவர்."

தாத்தா சொன்ன பெயர்க்காரணம் முதுவர்களே சொல்லும் கதைதான். அவர்களுடைய பூர்வீகம் மதுரை. பாண்டியர் ஆட்சி விழுந்தபோது மீனாட்சியம்மன் சிலையையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறினார்களாம். 1909-ல் வந்த தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' புத்தகத்திலும் இவர்களைப் பற்றி விரிவாக இருக்கிறது. போடியை நாயக்கர்கள் பிடித்த காலத்தில் இவர்கள் மலையேறியிருக்கலாம் என்ற கருத்தும் அதில் வருகிறது. அதைப் படிச்சதும் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. நம்ம ஊர் உருவான கதையும் அவங்க ஊரை விட்ட கதையும் ஒண்ணா இருக்குமோ?

மேலே போனவர்கள் வாழ்ந்த விதம் அழகு. காட்டில் ஒரு துண்டு புதரை வெட்டி எரித்து, கேழ்வரகு விதைப்பார்கள். ஒண்ணு ரெண்டு வெள்ளாமை எடுத்ததும் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடம். பல வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது பழைய இடத்தில் மண் தேறியிருக்கும். சாப்பாடு கேழ்வரகுக் களி. கல்யாணம் ஆகாத பையன்கள் ராத்திரி படுக்க ஊர்ப் பொதுவில் ஒரு சாவடி. வயசு வந்த பையனுக்குத் தலைப்பாகை கட்டுவது ஒரு பெரிய சடங்கு. குலம் அம்மா வழியில் வரும். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் சீர்களில் ஒன்று சீப்பு. நான் பார்த்த அந்தச் சீப்பு வெறும் அலங்காரம் இல்லைன்னு புரிய எனக்கு இருபது வருஷம் ஆச்சு.

1877-ல் பூஞ்சாறு அரசரிடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் அந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 'கண்ணன் தேவன்' என்று நாம குடிக்கிற டீயில இருக்கிற பேரு, ஒரு முதுவத் தலைவருடைய பேரிலிருந்து வந்ததுன்னு சொல்வாங்க. பேரு பொட்டலத்தில் ஏறிடுச்சு, நிலம் எஸ்டேட்டுக்குப் போயிடுச்சு. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. ஆனா தோட்டங்கள் போகலை. அவற்றோடு காப்புக்காடும் சேர, இடம் மாற இடமே இல்லாமல் போனது.

எங்கேயோ டெக்சாஸ் பக்கம் ஹுமானோ என்று ஒரு பழங்குடி இருந்தது. கொஞ்சப் பேர் ஆத்தங்கரையில் விவசாயம், கொஞ்சப் பேர் காட்டெருமை வேட்டை, நடுவில் வியாபாரம். அப்பாச்சிகள் அந்த வியாபார வழிகளைப் பிடித்ததும், 18-ம் நூற்றாண்டில் மற்றக் கூட்டங்களோடு கரைந்து பேரே மறைந்துபோனது. ஒரு இனம் காணாமப் போக எல்லாரும் சாகணும்னு இல்லை. நடக்கிற பாதை அடைபட்டாப் போதும்.

முதுவர்கள் அப்படிக் கரையவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பட்டியல் பழங்குடிகளாக இருக்கிறார்கள். முதுவர்கள் வாழும் இடமலக்குடி 2010-ல் கேரளாவின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது. சின்னார் காட்டில் தாயண்ணன்குடி முதுவர்கள் மறந்துபோன கேழ்வரகு ரகங்களைத் திரும்ப விதைத்திருக்கிறார்கள். ஆனா நிறைய வீட்டில் களி போய் ரேஷன் அரிசி வந்துடுச்சு.

போன தடவை ஊருக்குப் போனப்ப வீட்டில் டீ போட்டார்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துட்டு, சித்தப்பா பையன்கிட்ட "கண்ணன் யாருன்னு தெரியுமா?"ன்னு கேட்டேன். "கம்பெனி ஓனரா இருக்கும்ண்ணே"ன்னான். அவனைக் குத்தம் சொல்ல முடியலை, எனக்கும் அன்னிக்குத் தாத்தா சொல்லாட்டி தெரிஞ்சிருக்காது.

உங்க ஊர் மலையில யார் இருந்தாங்க, இப்ப எங்க இருக்காங்க? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதினா இன்னும் சந்தோஷம்.