வோட்டர்ஸ்டன் அனுப்பிய கட்டுரை

ஆய்வுரை ஒன்றை ஏற்பதா, தள்ளுவதா எனத் தீர்ப்புக் கூறுவோர்க்கு எத்தகைய புலமை வேண்டும் என்னும் வழக்கு அறிஞருலகில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. 1845 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று இங்கே நினைக்கத்தக்கது.

பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்க்குப் பாடஞ் சொல்லிவந்த ஜோன் ஜேம்ஸ் வோட்டர்ஸ்டன் என்னும் ஸ்கொத்லாந்தியர், வாயுவின் வெப்பம் அதன் மூலக்கூறுகளின் ஓயாத இயக்கமே என்று கணித முறையால் விளக்கி, இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதியனுப்பினார். வெப்பத்தை ஒரு பொருளெனவே பலரும் கருதிய காலம் அது. கட்டுரையைப் பரிசீலித்தவர் இருவர்: ஒக்ஸ்போர்டின் கேத்திரகணிதப் பேராசிரியர் பேடன் பவல் ஒருவர், வங்கியாளரும் வானியலறிஞருமாகிய சேர் ஜோன் லபொக் மற்றவர். இவர்களைக் கல்லாதார் என்று எவர் சொல்ல வல்லார்? ஆயினும் லபொக் அதனை வெறும் பிதற்றல் என்றே எழுதினார். கட்டுரை சங்கத்தின் பெட்டகத்துள் புதைந்தது. ஆசிரியரோ படியெடுத்து வைத்தாரல்லர். மூலத்தைத் திருப்பிக் கொடுப்பது சங்கத்தின் வழக்கமுமன்று.

1857 இல் கிளவுசியசும் 1860 இல் மக்ஸ்வெல்லும் அக்கொள்கையையே வகுத்துரைத்துப் புகழெய்தினர். வோட்டர்ஸ்டன் 1883 இல் வீட்டைவிட்டு வெளியே சென்றார், மீண்டாரல்லர்.

சங்கச் செயலாளர் றேலிப் பிரபு 1891 இல் அவ்வேட்டைத் தேடியெடுத்து, மறு ஆண்டு பதிப்பித்தார். ஆனால், பெருங்கொள்கை கூறப்புகும் இளைஞர் முதலிற் சிறிய ஆய்வுகளால் மதிப்பைத் தேடிக்கொள்வது நன்று என்று முன்னுரையிலே அறிவுரையும் கூறினார்! வழக்கிலே தோற்றவனுக்கே புத்தி புகட்டுவது போன்றது இது. பவலும் லபொக்கும் வாயுக்களைப் பற்றி எவ்வளவு ஆராய்ந்தவர் என்பதன்றோ முதலிற் கேட்கவேண்டிய கேள்வி?